மீட்டெடுக்கத் தெரிந்தவர்: தரவுத்தள நிர்வாகியின் வேலையும் பொறுப்பும்

தானே தன்னைப் பார்த்துக்கொள்ளும் தரவுத்தளம் வந்துவிட்டது என்று 2017 அக்டோபரில் ஆரக்கிள் நிறுவனத்தின் லாரி எலிசன் மேடையேறி அறிவித்தார். பேட்ச் போடுவது, வேகத்தைக் கவனிப்பது, பேக்கப் எடுப்பது எல்லாம் இனி இயந்திரத்தின் பாடு. மனிதக் கை படாவிட்டால் மனிதப் பிழையும் இருக்காது என்பது அந்த அறிவிப்பின் சாரம். இந்த வேலை இன்னும் எத்தனை நாளைக்கு என்ற கேள்வி டிபிஏ எனப்படும் தரவுத்தள நிர்வாகிகள் இருக்கும் ஒவ்வொரு அலுவலகத்திலும் அதற்கு முன்பே இருந்தது. அதன் பிறகு அது இன்னும் சத்தமாகக் கேட்கிறது. கல்லூரி முடித்து வரும் பிள்ளைகள் டிபிஏ பக்கம் போகலாமா என்று கேட்டால் மூத்தவர்களே பதில் சொல்லத் தயங்குகிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையின் பெரும்பகுதியை இயந்திரம் எடுத்துக்கொண்டுவிட்டது. மிச்சத்திலும் நிறைய எடுத்துக்கொள்ளும், எடுத்துக்கொள்ளட்டும். ஆனால், தொலைந்த தரவை இத்தனை மணி நேரத்துக்குள், இந்த நிமிடம் வரைக்கும் திருப்பிக் கொண்டுவருவேன் என்று ஒருவர் பொறுப்பேற்கிறாரே, அதுதான் இந்த வேலையின் உயிர். அந்தப் பொறுப்பை எந்த மென்பொருளும் இதுவரை ஏற்கவில்லை. நம் நிறுவனங்கள் டிபிஏ-வை முடித்த டிக்கெட் கணக்கை வைத்து அளக்கின்றன. மீட்பை வைத்துத்தான் அவரை அளக்க வேண்டும்.

வேலை எப்படி உருமாறி வந்தது என்பதைப் பார்த்தால் இது விளங்கும். 1960களில் சார்ல்ஸ் பாக்மன் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் ஐடிஎஸ் என்ற அமைப்பை உருவாக்கினார். அப்போலோ விண்கலத்தின் எண்ணற்ற உதிரிபாகங்களைக் கணக்கில் வைக்க ஐபிஎம் உருவாக்கிய ஐஎம்எஸ், பெரிய வங்கிகளில் இன்றும் ஓடுகிறது. இவற்றில் ஒரு பதிவிலிருந்து இன்னொரு பதிவுக்குப் போகும் வழியை நிரலாளரே தெரிந்துவைத்திருக்க வேண்டும். எந்தத் தரவு எங்கே இருக்கிறது, எந்தச் சங்கிலியைப் பிடித்துப் போக வேண்டும் என்று தெரியாதவர் ஒரு அறிக்கைகூட எடுக்க முடியாது.

1970இல் ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்திலிருந்து எட்கர் காட் எழுதிய கட்டுரை அதை மாற்றியது. வேண்டியதைச் சொன்னால் போதும், அதற்கான வழியை இயந்திரமே தேடிக்கொள்ளட்டும் என்றார் அவர். 1974இல் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் அதற்கான மொழியைக் கொடுத்தார்கள். இன்றைய எஸ்க்யூஎல் அதிலிருந்து வந்ததுதான். பல வழிகளில் செலவு குறைந்த வழியைக் கணக்கிட்டுத் தேர்ந்தெடுக்கும் முறையை பாட்ரிசியா செலிங்கரும் அவருடைய சகாக்களும் 1979இல் வெளியிட்டார்கள். வழிதேடும் வேலை மனிதரை விட்டுப் போயிற்று. அதற்குப் பதிலாக, இயந்திரம் தேர்ந்தெடுத்த வழி ஏன் தவறிப்போனது என்று கண்டுபிடிக்கும் வேலை வந்து சேர்ந்தது. முன்னதைவிட இது கடினம்.

ஒரு சாதாரண நிலைமையை எடுத்துக்கொள்வோம். ஒரு டேபிளை நள்ளிரவில் காலிசெய்து, விடியற்காலையில் அன்றைய தரவை ஏற்றுகிறார்கள். இடையில், ஓர் இரவு 1 மணிக்கு, டேபிள்களின் புள்ளிவிவரத்தைத் திரட்டும் தானியங்கி வேலை ஓடுகிறது. அந்த நேரத்தில் டேபிளில் ஒரு வரிகூட இல்லை. அப்படியே குறித்துக்கொள்கிறது. காலை 9 மணிக்கு அதே டேபிளில் 40 லட்சம் வரிகள். வழியைத் தேர்ந்தெடுக்கும் ஆப்டிமைசர் தன் குறிப்பைப் பார்க்கிறது. டேபிள் காலி என்று நம்பி, ஒவ்வொரு வரியாகப் போய்த் தேடும் வழியைத் தேர்ந்தெடுக்கிறது. நேற்று 2 நொடியில் வந்த அறிக்கை இன்று ஒரு மணி நேரமாகியும் வரவில்லை. நிரலில் ஒரு எழுத்தும் மாறவில்லை, சர்வரும் மாறவில்லை. 'நாங்க எதுவுமே மாத்தலையே' என்று டெவலப்மென்ட் பக்கம் சொல்வது முழு உண்மை. இதைக் கண்டுபிடிக்க எக்ஸிகியூஷன் பிளானைப் படிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. அந்த நிறுவனத்தில் இரவு என்ன ஓடுகிறது, எந்த வரிசையில் ஓடுகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். முதல் பாதியை இப்போது கருவிகள் நன்றாகவே செய்கின்றன. இரண்டாம் பாதி பெரும்பாலும் இரண்டு பேரின் நினைவில்தான் இருக்கிறது, அவர்களில் ஒருவர் வேலையை விட்டுப் போய்விட்டிருப்பார்.

பூட்டுகளும் இப்படித்தான். காலை 10 மணிக்கு ஏசி வகுப்புக்கும் 11 மணிக்கு ஸ்லீப்பருக்கும் தட்கல் திறக்கும்போது, ஒரே பெர்த்தை இரண்டு பேருக்குக் கொடுத்துவிடாமல் இருக்க, ஒருவர் தொட்ட வரியை மற்றவர் தொடாதபடி தரவுத்தளம் பூட்டு போடுகிறது. பூட்டு போட்ட செஷன் வேலை முடிந்து கமிட்டோ ரோல்பேக்கோ சொன்னால்தான் பூட்டு திறக்கும். யாரோ ஒருவர் ஒரு அப்டேட்டை ஓட்டிவிட்டு, கமிட் கொடுக்காமல் சாப்பிடப் போய்விட்டால் அவருக்குப் பின்னால் 300 செஷன்கள் வரிசையில் நிற்கும். அந்த செஷனைக் கொன்றுவிடலாம். அது ஏற்கெனவே 3 மணி நேரமாகத் தரவை மாற்றிக்கொண்டிருந்த செஷன் என்றால், கொன்ற பிறகு அந்த மாற்றங்களைத் திரும்பக் கழற்றுவதற்கும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகலாம். கொல்வதா, இன்னும் பத்து நிமிடம் பொறுப்பதா என்பதை பிரிட்ஜ் கால் எனும் கூட்டு அழைப்பில் 30 பேர் காத்திருக்கும்போது ஒருவர்தான் சொல்ல வேண்டும்.

இனி, என் பார்வையில் இந்த வேலையின் மையமான இடத்துக்கு வருகிறேன்.

நம் ஊர் மண்டிக் கணக்கில் முதலில் சிட்டையில் எழுதிவிட்டுப் பிறகுதான் பேரேட்டில் ஏற்றுவார்கள். பேரேடு நனைந்துபோனாலும் சிட்டை இருந்தால் கணக்கைத் திரும்ப எழுதிவிடலாம். தரவுத்தளமும் அப்படியே. எந்த மாற்றமானாலும் முதலில் லாக் எனப்படும் பதிவில் எழுதி வட்டில் சேர்த்துவிட்டுத்தான், தரவுக் கோப்பில் ஆற அமர ஏற்றுகிறது. கரண்ட் போய்விட்டால், மீண்டும் எழும்போது லாக்கைப் படித்துத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. இந்த மீட்பு முறைக்கு இலக்கணம்போல் அமைந்தது ஏரீஸ் என்ற வழிமுறை. 1992இல் வெளியான அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சி. மோகன், தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஐஐடியில் படித்து, ஐபிஎம்மின் ஆல்மடன் ஆய்வகத்தில் பணியாற்றியவர். விபத்துக்கு முன் என்னென்ன நடந்ததோ அதையெல்லாம், அரைகுறையாக நின்றவற்றையும் சேர்த்து, நடந்தபடியே திரும்ப நடத்திப் பார்த்துவிட்டு, முடிவடையாதவற்றை மட்டும் பிறகு கழற்றுவது அதன் அடிப்படை. டிபி2, எஸ்க்யூஎல் சர்வர் போன்றவை இந்த வழியில் வந்தவை. நாம் ஏடிஎம்மில் பணம் எடுக்கும் நேரத்தில் வங்கியின் சர்வர் விழுந்து எழுந்தாலும் கணக்கு சரியாக இருப்பதற்குப் பின்னால் இந்த வகைச் சிந்தனை இருக்கிறது. தமிழ்நாட்டின் கல்லூரிகளில் டிபிஎம்எஸ் பாடம் நடத்தும்போது அவர் பெயரைச் சொல்லி நடத்தினால் மாணவர்களுக்கு அந்தப் பாடமே வேறு மாதிரி பதியும் என்று நினைக்கிறேன்.

அந்த லாக் கோப்புகளை வைத்தே இந்தத் தொழிலின் குணத்தைக் காட்டிவிடலாம். ஆரக்கிளில் நிரம்பிய லாக் கோப்புகள் ஆர்க்கைவ் என்ற இடத்தில் வரிசை எண்ணோடு சேர்ந்துகொண்டே போகும். அந்த வட்டு நிரம்பிவிட்டால் தரவுத்தளம் எழுதுவதை நிறுத்திவிடும். எழுதிவைக்க முடியாத மாற்றத்தை ஏற்கக்கூடாது என்பதால் அது வேண்டுமென்றே நிற்கிறது. பயனாளிகளின் திரையில் எல்லாம் உறைந்துபோகும். நடு இரவில் டிக்கெட் வருகிறது, சிவியரிட்டி ஒன்று. புதிதாகச் சேர்ந்த பையன் உள்ளே போய்ப் பார்க்கிறான்: வட்டு 100 சதவீதம். பழைய கோப்புகள் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. பழையதாகத் தெரிந்த ஐம்பது கோப்புகளை அழிக்கிறான். தரவுத்தளம் உடனே உயிர்பெறுகிறது. பிரிட்ஜில் இருப்பவர்கள் நன்றி சொல்கிறார்கள், டிக்கெட் எட்டு நிமிடத்தில் மூடப்படுகிறது, மாத அறிக்கையில் அவன் பெயர் வருகிறது.

அந்த ஐம்பது கோப்புகளில் 12 கோப்புகள் இன்னும் பேக்கப்புக்குப் போகாதவை என்று வைத்துக்கொள்வோம். வரிசையில் 4,210 இருக்கிறது, 4,211 முதல் 4,222 வரை இல்லை. மறுநாளே வட்டு பழுதானால் ஞாயிற்றுக்கிழமை எடுத்த முழு பேக்கப்பிலிருந்து 4,210 வரை வரலாம். அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம், 4,223 முதல் உள்ள கோப்புகள் பத்திரமாக இருந்தாலும், பயன்படாது. சங்கிலி அறுந்துவிட்டது. செய்ய வேண்டியது என்ன? கோப்புகளை வேறு வட்டுக்கு நகர்த்தியிருக்கலாம். ஆர்மேன் என்ற ஆரக்கிளின் பேக்கப் கருவி வழியாக பேக்கப் எடுத்துவிட்டு அழிக்கச் சொல்லியிருக்கலாம். அழித்தே தீர வேண்டியிருந்தால், அழித்த கையோடு ஒரு புது முழு பேக்கப் எடுத்திருக்க வேண்டும். 8 நிமிடத்துக்குப் பதில் 25 நிமிடம் ஆகியிருக்கும், அந்த மாதத்து எஸ்எல்ஏ எனும் சேவை உறுதிக் கணக்கில் ஒரு சிவப்புக் கட்டம் விழுந்திருக்கும். அவ்வளவுதான். வேகத்தை வைத்து அளக்கும் இடத்தில் அந்தப் பையன் செய்ததுதான் திறமையாகத் தெரியும். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அளவுகோலைக் கொடுத்தது அவன் இல்லை.

பேக்கப் இருப்பதும் மீட்க முடிவதும் வெவ்வேறு என்பதற்கு 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததைப் போல் தெளிவான பாடம் வேறில்லை. அவர்களே முழு விவரத்தையும் பொதுவெளியில் வைத்தார்கள். இரவு நேரம், நாள் முழுவதும் சுமையோடு போராடிக் களைத்த ஒரு பொறியாளர், துணை சர்வரில் நகலெடுப்பு சரியாகாததால் அதன் தரவு அடைவை அழித்துவிட்டு மறுபடி தொடங்க நினைத்தார். கட்டளையைக் கொடுத்தது முதன்மை சர்வரில். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தினார். சுமார் 300 கிகாபைட்டில் மிஞ்சியது 4.5 கிகாபைட்.

அதன் பிறகு நடந்தது கவனிக்க வேண்டியது. தினசரி பேக்கப் இருக்கும் இடத்துக்குப் போனார்கள், காலி. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 9.6, பேக்கப் எடுத்த கருவியோ 9.2. பதிப்பு பொருந்தாததால் அது ஒவ்வொரு நாளும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சலோ, அனுப்புநர் சரிபார்ப்பு இல்லை என்று பெறும் இடத்தில் திருப்பப்பட்டுக்கொண்டிருந்தது. கிளவுட் எனும் மேகத்தில் வட்டுகளைப் படம்பிடித்து வைக்கும் வசதி தரவுத்தள சர்வர்களுக்குப் போடப்படவே இல்லை. துணை சர்வர் ஏற்கெனவே வெறுமை. கடைசியில் கைகொடுத்தது, சோதனைக்காக அதே பொறியாளர் 6 மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்துவைத்திருந்த ஒரு ஸ்நாப்ஷாட். அதை மெதுவான வட்டுகளிலிருந்து நகலெடுத்து முடிக்கவே மணிக்கணக்காயிற்று. சுமார் 5,000 புராஜெக்ட்களும் 5,000 கருத்துரைகளும் 700 புதிய கணக்குகளும் பாதிக்கப்பட்டன. மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். அறிக்கையில் அந்த ஊழியரின் பெயரைப் போடவில்லை. தவறான சர்வரில் கட்டளை கொடுப்பது களைத்த எந்த மனிதருக்கும் நேரக்கூடியது. நாள்தோறும் தோற்ற பேக்கப்பை ஒரு முறைகூட யாரும் திறந்து பார்க்காததுதான் நிறுவனத்தின் பிழை என்று அவர்களே முடிவுக்கு வந்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

மீட்பில் இரண்டு கணக்குகள் உண்டு. எவ்வளவு தரவை இழக்கலாம் என்பது ஆர்பிஓ, எவ்வளவு நேரத்தில் எழ வேண்டும் என்பது ஆர்டிஓ. இரண்டும் தனித்தனியாகக் காலை வாரிவிடும். 2023இல் இலங்கை அரசின் மேகக் கட்டமைப்பை ரேன்சம்வேர் தாக்கியபோது, அமைச்சரவை அலுவலகம் உட்பட அரசு மின்னஞ்சல் பயன்படுத்திய அலுவலகங்கள் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான அஞ்சல்களை இழந்தன. இணைப்பில் இருந்த பேக்கப்பும் சேர்ந்து பூட்டப்பட்டது, அந்தக் காலத்துக்கு இணைப்பில் இல்லாத நகல் இல்லை. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 5 சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டபோது, பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வரிலிருந்து தரவைத் திரும்ப எடுக்க முடிந்தது. ஆனாலும் நோயாளிப் பதிவு முதலான வேலைகள் மறுபடி கணினிக்கு வர ஏறக்குறைய 2 வாரம் ஆயிற்று. அதுவரை எல்லாம் காகிதத்தில் நடந்தன. முதலாவதில் ஆர்பிஓ போயிற்று, இரண்டாவதில் ஆர்டிஓ.

ஆர்டிஓவை வெறும் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 10 டெராபைட் தரவுத்தளம், நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் திரும்ப எழுதப்படுகிறது என்றால் நகலெடுக்க மட்டும் ஏறக்குறைய 14 மணி நேரம். அதன் மேல் லாக்குகளை ஓட்ட வேண்டும், சரிபார்க்க வேண்டும். 4 மணி நேரத்தில் எழுந்துவிடுவோம் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் இந்த வகுத்தல் கணக்கைப் போட்டிருப்பார்களா என்று எனக்கு எப்போதும் சந்தேகம். துணை சர்வர் இருக்கிறதே என்பார்கள். வட்டு பழுதுக்கு அது உதவும். முதன்மையில் ஒருவர் தவறாக ஒரு டெலீட் கொடுத்தால், அடுத்த நொடியே துணை சர்வரும் அதை விசுவாசமாகச் செய்துமுடித்துவிடும்.

இடிந்து விழுவதைவிட அமைதியாகக் கெடுவது ஆபத்தானது. தமிழில் தரவு வைப்பவர்களுக்கு இது அன்றாட விஷயம். யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட், தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். 'சிவசுப்பிரமணியன்' என்ற பெயர் நமக்கு 10 எழுத்து. ஒருங்குறியில் உயிர்க்குறிகளும் புள்ளிகளும் தனித்தனிக் குறிகள் என்பதால் 16 குறிகள், 48 பைட். ஆரக்கிளில் பெயருக்கு 40 என்று இடம் ஒதுக்கினால், வேறு சொல்லாதவரை அது 40 பைட் என்றே எடுத்துக்கொள்ளும். சோதனையில் ஆங்கிலப் பெயர்களைப் போட்டுப் பார்த்துவிட்டு வெளியிட்ட மென்பொருள் முதல் சிவசுப்பிரமணியன் வந்ததும் பிழை காட்டும். பிழை காட்டுவது நல்லது; உடனே தெரிந்துவிடும். எஸ்க்யூஎல் சர்வரில் ஒருங்குறி அல்லாத நெடுவரிசையில் தமிழ்ப் பெயரை எழுதினால் வரிசையாகக் கேள்விக்குறிகள் உட்கார்ந்துவிடும், எந்தப் பிழைச் செய்தியும் வராது. அந்தக் கேள்விக்குறிகளிலிருந்து பெயரை எந்த மந்திரத்தாலும் திருப்பி எடுக்க முடியாது.

இதைவிட நுட்பமானது இன்னொன்று. 'கோமதி' என்பதில் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், ஏகாரக் கொம்பும் காலும் என இரண்டாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. முதலாவது 15 பைட், இரண்டாவது 18. எந்தத் தட்டச்சுக் கருவியில் அடித்தார்கள், எந்தப் பழைய எழுத்துருவிலிருந்து மாற்றினார்கள் என்பதைப் பொறுத்து இரண்டு கோமதிகளும் ஒரே டேபிளில் இருப்பார்கள். பைட்டுகளை ஒப்பிட்டுத் தேடினால் ஒரு கோமதி கிடைப்பார், மற்றவர் கிடைக்க மாட்டார். உதவித்தொகைப் பட்டியலில் பெயரில்லை என்று ஒரு அம்மாவைத் திருப்பி அனுப்புவதற்கு இது போதும். தரவு உள்ளே வரும் வாசலிலேயே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் தீர்ந்தது. தமிழ்நாட்டில் டாம், டாப் எழுத்துருக்களும் இலங்கையில் பாமினியும் புழங்கிய காலத்தின் தரவுகள் இன்னும் அலுவலகங்களில் இருக்கின்றன. தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியையும் டேஸ்-16 குறியாக்கத்தையும் தரமாக ஏற்றது. அந்தப் பழைய தரவை மாற்றும் வேலையில் தமிழ் தெரிந்த டிபிஏ ஒருவர் உட்கார வேண்டும் என்று வலியுறுத்த விரும்புகிறேன். மொழி தெரியாத கருவி வரிகளை எண்ணிப் பார்த்து, எல்லாம் வந்துவிட்டது என்று சொல்லிவிடும்.

அமைதியாக நெருங்கி வரும் ஆபத்துகளில் எண்களின் எல்லையும் சேரும். வழக்கமான முழு எண் நெடுவரிசை 2,147,483,647 வரைதான் எண்ணும். 2018 நவம்பரில் பேஸ்கேம்ப் மென்பொருளின் ஒரு டேபிள் அந்த எண்ணைத் தொட்டது. ஏறக்குறைய 5 மணி நேரம் யாரும் எதையும் எழுத முடியவில்லை. 2019 பிப்ரவரியில் மெயில்சிம்ப்பின் மேண்ட்ரில் சேவை, போஸ்ட்கிரெஸின் பரிவர்த்தனை எண்கள் தீர்ந்துபோகும் நிலைக்கு வந்ததால் ஏறக்குறைய 40 மணி நேரம் தடுமாறியது. இரண்டுமே பல மாதங்களுக்கு முன்பே ஒரு வரிக் குவெரியில் தெரிந்திருக்கும். பார்க்கும் வேலை யாருடையது என்று எழுதிவைக்காத இடங்களில்தான் இப்படி நடக்கும்.

மேகத்துக்குப் போனால் இதெல்லாம் போய்விடுமா? கொஞ்சம் போகும், உண்மையாகவே. வட்டு மாற்றுவது, பேட்ச் போடுவது, துணை சர்வர் கட்டுவது போன்ற வேலைகளில் என் தலைமுறை தொலைத்த ஞாயிற்றுக்கிழமைகளை அடுத்த தலைமுறை தொலைக்க வேண்டாம். ஆனால் 2024 மே மாதத்தில் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதிக்கு நேர்ந்ததைப் பாருங்கள். 6 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். அவர்களுக்கான தனி மேகத்தை உருவாக்கும்போது கூகுள் கிளவுட் பக்கத்தில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டதால், குறிப்பிட்ட காலம் முடிந்ததும் அந்தத் தனி மேகம் தானாக அழிந்தது. இரண்டு இடங்களில் வைத்திருந்த நகல்களும் சேர்ந்தே போயின. யூனிசூப்பரில் யாரோ வேறொரு நிறுவனத்திடமும் பேக்கப் வைத்திருக்க வேண்டும் என்று முன்பே முடிவுசெய்திருந்தார்கள். சுமார் ஒரு வாரத்துக்குப் பிறகு எழுந்து நிற்க அதுவும் கைகொடுத்தது. அப்படி ஒரு முடிவை எடுக்கும்போது பட்ஜெட் கூட்டத்தில், எதற்கு இரண்டு செலவு என்று கேட்டிருப்பார்கள். அதற்குப் பதில் சொன்னவர் செய்ததுதான் டிபிஏ வேலை, அவருடைய பதவிப் பெயர் எதுவாக இருந்தாலும்.

2025 ஜூலையில் ரெப்ளிட் தளத்தின் செயற்கை நுண்ணறிவு உதவியாளர், எதையும் மாற்றக்கூடாது என்று சொல்லியிருந்தும் ஒரு பயனாளியின் நடப்புத் தரவுத்தளத்தை அழித்தது. திரும்ப எடுக்க முடியாது என்றும் சொன்னது. பிறகு பார்த்தால் எடுக்க முடிந்தது. இயந்திரம் தவறு செய்யும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. 'ஒரே ஒரு அப்டேட்தான் ப்ரோ, புரொடக்‌ஷன்ல ஓட்டிடுங்க' என்று கேட்கும் மனிதருக்கு எவ்வளவு அனுமதி உண்டோ, அதைவிடக் கூடுதலாக ஒரு உதவியாளருக்கு ஏன் கொடுக்கப்பட்டது என்பதே கேள்வி. சோதனைக்கும் நடப்புக்கும் நடுவே சுவர் எழுப்புவது, படிக்க மட்டும் அனுமதி கொடுப்பது, அழிக்கும் கட்டளைக்கு இரண்டாவது ஆளின் ஒப்புதல் கேட்பது எல்லாம் பழைய பழக்கங்கள். எரிச்சலூட்டுபவை. அவற்றை விடாமல் பிடித்திருப்பதற்காக டிபிஏ-வை முட்டுக்கட்டை என்று அழைக்கும் வழக்கம் மாறினால் நல்லது.

சில நேரம் முட்டுக்கட்டையாக இருப்பதே சரி. 2018 அக்டோபர் 21 அன்று கிட்ஹப்பில் 43 நொடி வலையமைப்பு அறுந்தது. அதற்குள் அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருந்த துணை சர்வர் முதன்மையாகிவிட்டது. கிழக்குக் கரையில் ஏற்கப்பட்ட சில நொடி மாற்றங்கள் மேற்கே வந்துசேரவில்லை. அதன் பிறகு மேற்கே எழுதப்பட்டவை கிழக்கில் இல்லை. அவற்றைக் கைவிட்டால் சீக்கிரம் எழலாம். அவர்கள் தரவைக் கைவிட மறுத்தார்கள். சேவை முழுதாகச் சீராக 24 மணி 11 நிமிடம் ஆனது. வாடிக்கையாளர்கள் கோபப்பட்ட அந்த ஒரு நாள் முழுவதும் அந்த முடிவில் நின்றவர்களை நான் மதிக்கிறேன்.

இந்த முடிவுகளை எடுப்பவர்கள் எந்த நிலையில் எடுக்கிறார்கள் என்பதையும் பேச வேண்டும். நியூயார்க் வாடிக்கையாளரின் சனிக்கிழமை இரவு 11 மணி, குளிர்காலத்தில் சென்னையின் ஞாயிறு காலை 9.30. அவர்களுக்கு யாரும் வேலை செய்யாத நேரம், எனவே எல்லாப் பெரிய மாற்றங்களும் அப்போதுதான். வாரம் முழுக்க இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு கேபில் வீட்டுக்கு வந்தவர் ஞாயிறு காலை அப்கிரேட்டுக்கு உட்காருகிறார். தீபாவளிக்கு ஆன்-கால் யார் என்பதில் டீமுக்குள் மனத்தாங்கல். நள்ளிரவில் எழுப்பப்பட்டவர் மறுநாள் காலை ஸ்டேட்டஸ் காலிலும் இருக்க வேண்டும் என்பது பல இடங்களில் எழுதாத விதி. கிட்லேப்பில் கட்டளை தவறியது நீண்ட நாளின் முடிவில். களைப்பைத் தரவு இழப்புக்கான காரணமாகக் கணக்கில் எடுக்காத எந்தப் பாதுகாப்புத் திட்டத்தையும் முழுமையானது என்று என்னால் ஏற்க முடியவில்லை.

பொறுப்பு மேலே போக வேண்டும் என்பதற்கு ஒரு முன்மாதிரி பிரிட்டனில் இருக்கிறது. 2018 ஏப்ரலில் டிஎஸ்பி வங்கி 50 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் தரவைப் புதிய அமைப்புக்கு மாற்றியபோது, 19 லட்சம் பேர் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவித்தார்கள். 2022 டிசம்பரில் வங்கிக்கு 4 கோடியே 86 லட்சம் பவுண்டுக்கு மேல் அபராதம். அடுத்த ஆண்டு அப்போதைய தலைமைத் தகவல் அதிகாரிக்குத் தனிப்பட்ட முறையிலும் அபராதம். சர்வரில் கட்டளை கொடுத்தவரைத் தேடிப் போகவில்லை. தயாராக இருக்கிறோமா என்று உறுதிசெய்ய வேண்டியவரைக் கேட்டார்கள்.

மீட்பை ஒத்திகை பார்ப்பதற்கு இந்தியாவில் ஒரு நல்ல தொடக்கம் இருக்கிறது. 2021 பிப்ரவரி 24 அன்று தேசியப் பங்குச் சந்தை காலை 11.40க்கு நின்று பிற்பகல் 3.45க்குத்தான் மறுபடி திறந்தது. மாற்று மையம் இருந்தும் ஏன் அங்கே போகவில்லை என்ற கேள்வி எழுந்தது. 2024 மார்ச் 2, ஒரு சனிக்கிழமை, உண்மையான வர்த்தகத்தையே இரண்டு பகுதியாகப் பிரித்து, முதல் பகுதியை முதன்மை மையத்திலும் இரண்டாவதை மாற்று மையத்திலும் நடத்திப் பார்த்தார்கள். மே 18 அன்று மறுபடியும் செய்தார்கள்.

சிறிய நிறுவனங்களுக்கு அவ்வளவு பெரிய ஒத்திகை வேண்டாம். காலாண்டுக்கு ஒரு வேலை நாள், வார நாளாகவே, ஒதுக்கினால் போதும். பேக்கப்பைத் தனி சர்வருக்குக் கொண்டுபோய்த் திறந்து, லாக்குகளை ஓட்டி, சரிபார்ப்புக் கட்டளையை முடித்து, கணக்குப் பிரிவிலிருந்து ஒருவரை அழைத்து நேற்றைய கடைசி பில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். அந்த வேலையை டீமில் மிக இளையவர், கையேட்டை மட்டும் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் பார்க்கலாம். எத்தனை மணி நேரம் ஆனது, எந்த நிமிடம் வரை தரவு வந்தது, கையேட்டில் எந்த வரி தவறாக இருந்தது என்று எழுதி நிர்வாக இயக்குநரின் மேசைக்கு அனுப்ப வேண்டும். ஆண்டு மதிப்பீட்டில் டிபிஏ-வின் பெயருக்கு நேரே முதல் வரியாக வர வேண்டியது அந்த மணி நேரக் கணக்கு. மூடிய டிக்கெட்டுகளின் எண்ணிக்கை அதற்குக் கீழே வரட்டும்.